புதுப்பிப்பு: ஓசூர் மின்னஞ்சல் சர்வரில் பஃபர் ஓவர்ஃப்ளோ ஐயம்

கிருஷ்ணகிரி மாவட்டம் ஓசூரில் உள்ள எங்கள் உதிரிபாகத் தொழிற்கூடத்தின் மின்னஞ்சல் சர்வரில், அஞ்சலை அனுப்பிப் பெறும் எக்ஸிம் நிரலின் துணைச்செயல்கள் சிக்னல் 11 (தவறான நினைவிடத்தைத் தொட்டதால் நிறுத்தம்) என்ற பதிவுடன் முறிந்து விழுவது பஃபர் ஓவர்ஃப்ளோ (ஒதுக்கிய நினைவிடத்தை மீறித் தரவு வழியச் செய்யும்) தாக்குதலின் அடையாளமா என்று முன்பு கேட்டிருந்தேன். ஆம் என்றே இப்போது கருதுகிறேன். ஓடிக்கொண்டிருந்தது 4.90.1-க்கு முந்தைய பதிப்பு. தரவை எழுத்துகளாக மாற்றித் தரும் பேஸ்64 குறியீட்டைப் பிரிக்கும்போது, ஒதுக்கிய நினைவிடத்துக்கு அப்பால் ஒரே ஒரு பைட்டை எழுதிவிடும் பிழை அதில் இருப்பது 2018-இல் வெளியானது. முறிவுகளுக்குச் சற்று முன்னர் உள்நுழைவு விவரங்களைப் பேஸ்64-இல் அனுப்பும் ஆத் கட்டளைகள் ஒழுங்கற்ற வடிவில் வந்திருப்பதைப் பதிவேட்டின் நேரங்களை ஒப்பிட்டுக் கண்டேன்.

சிலர் பரிந்துரைத்தபடி, 512 ஆக்டெட்டுக்கு (பைட்டுக்கு) மேற்பட்ட கட்டளை வரிகளைச் சுரிகாட்டா என்ற வலையமைப்புக் கண்காணிப்பு நிரலில் பிடிக்கும் விதி பயனுள்ளதே. ஆனால் ஆத் வரிகள் 12,288 ஆக்டெட் வரை நீள அஞ்சல் நெறிமுறையே இடமளிப்பதாலும், இணைப்பை மறையாக்கும் ஸ்டார்ட்டிஎல்எஸ் தொடங்கிய பின் உள்ளே செல்வது எதுவும் சுரிகாட்டாவின் கண்ணுக்குத் தெரியாததாலும், அந்த விதியை மட்டும் நம்பியிருக்க முடியாது. நீளத்தை அளக்கும் விதி ஒற்றை பைட் வழிதலை எப்படியும் தவறவிடும்.

ஆகவே முறிவுப் பதிவு வந்தவுடன் எச்சரிக்கை வரும்படி அமைத்துள்ளேன். ஊடுருவல் வெற்றி பெற்றிருக்கலாம் என்பதால், பழைய வட்டின் நகலை ஆய்வுக்கு எடுத்து வைத்துவிட்டு, சர்வரைத் திருத்தப்பட்ட பதிப்புடன் புதிதாகவே நிறுவினோம். மேலாளருக்கு இது மிகையாகப் பட்டது, எனக்குப் படவில்லை.