கருத்துக் கேட்புக் கூட்டத்தில் சொன்ன சொல் எங்கே போகிறது?

பேட்டைவாசி:

அனைவருக்கும் வணக்கம். நான் 25 ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் ஒரு பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டையில் குடியிருக்கிறேன். சில ஆண்டுகளாக அங்கே தொண்டூழியராகவும் இருக்கிறேன். சென்ற ஆண்டு எங்கள் புளோக்குகளுக்கு அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டம் வந்தபோது, வரைபடங்களைக் காட்டிக் கருத்துக் கேட்கும் பணியில் நானும் நின்றேன். அன்று கண்ட ஒன்று இன்னும் மனத்தைவிட்டு அகலவில்லை.

அறியாதவர்களுக்காக ஒரு விளக்கம். 2007இல் அறிமுகமான இத்திட்டத்தின் செலவை அரசாங்கம் ஏற்கிறது, வேலையை நகர மன்றம் நடத்துகிறது. கூரையுள்ள நடைபாதை, உடற்பயிற்சி மூலை, விளையாட்டு இடம் போன்றவை எங்கெங்கே வரும் என்பதைக் குடியிருப்பாளர்களிடம் காட்டி, குறைந்தது 75 விழுக்காட்டினர் ஆதரித்தால்தான் வேலை தொடங்கும். ஏட்டில் பார்த்தால் குறை சொல்ல முடியாத ஏற்பாடு.

புளோக்கின் கீழ்த்தளத்தில் பலகைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். பிடித்ததற்குப் பச்சை ஒட்டுவில்லை, பிடிக்காததற்குச் சிவப்பு. எழுபது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் ஈரச்சந்தையிலிருந்து தள்ளுவண்டியோடு திரும்பும் வழியில் வந்து நின்றார். மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்த படம் அவருக்குப் பிடிபடவில்லை. “தம்பி, இதுல நம்ம புளோக் எது?” என்று கேட்டார். காட்டினேன், சந்தையையும் காட்டினேன். அதன் பிறகு அவருடைய விரல் தானாக நகரத் தொடங்கியது. தாம் நாள்தோறும் நடக்கும் வழியைப் படத்தின்மேல் இழுத்துக்கொண்டே வந்து இரண்டு இடங்களில் நிறுத்தினார். “இங்க ஒரு தடவை உட்காருவேன், இங்க ஒரு தடவை உட்காருவேன். இந்த ரெண்டாவது இடத்துல இருக்கிற திண்டு படத்துல காணோமே,” என்றார். அவர் சொன்னது சரிதான். புதிய படத்தில் அந்த இடத்தில் பூச்செடிப் பாத்தி வரையப்பட்டிருந்தது. பக்கத்தில் நின்ற ஏற்பாட்டாளர் மிகவும் கனிவாக, “பாட்டி, படம் பிடித்திருக்கிறதா?” என்று கேட்க, கேட்டவர் மனம் நோகக்கூடாதே என்று பச்சை ஒட்டுவில்லையை ஒட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவர் சொன்னதை நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். சில மாதங்கள் கழித்து, போதிய ஆதரவு கிடைத்துவிட்டதாகவும் வேலை தொடங்கவிருப்பதாகவும் மின்தூக்கிக்கு அருகே அறிவிப்பு ஒட்டப்பட்டது. திண்டைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. முடியாது என்றாவது சொல்லியிருக்கலாம்.

இப்போது பக்கத்துப் புளோக்குகளுக்கும் இதே பணி வரவிருக்கிறது, என்னை மீண்டும் உதவிக்கு அழைத்திருக்கிறார்கள். கருத்துக் கேட்பு பெயரளவில் முடிந்துவிடாமல் இருக்க ஏற்பாட்டாளர்களிடம் நான் எதைக் கேட்டுப் பெற வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

முன்னாள் அலுவலர்:

வணக்கம் ஐயா. பொதுச் சேவையில் 30 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இத்தகைய கூட்டங்கள் பலவற்றை நடத்தியிருக்கிறேன் என்பதால், நீங்கள் எழுதியதைப் படித்தபோது என் பழைய கூட்டங்கள் சிலவும் நினைவுக்கு வந்து உறுத்தின.

மக்களின் கருத்தைக் கேட்பதற்கென்று அரசாங்கம் 1985இலேயே ஒரு பிரிவைத் தொடங்கிவிட்டது. அதுவே 2006இல் ரீச் என்று பெயர் மாறியது. 2012இல் தொடங்கிய ‘நமது சிங்கப்பூர் கலந்துரையாடல்’ ஏறத்தாழ 660 கூட்டங்களில் 47,000 பேரைச் சந்தித்தது. 2023இல் அறிக்கை வெளியிட்ட ‘முன்னேறும் சிங்கப்பூர்’ இயக்கத்தில் 200,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். ஆகவே நம் ஊரில் கேட்கும் பழக்கம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எத்தனை பேர் வந்தார்கள் என்பதை எண்ணுவது எளிது. வந்தவர் சொன்னதால் எது மாறியது என்பதை எழுதிவைப்பதற்குத் தனி உழைப்பு வேண்டும், அதற்கு அலுவலகத்தில் யாரையும் பொறுப்பாக்கியிருக்க மாட்டார்கள். நானும் பல முறை வருகையாளர் எண்ணிக்கையை மட்டும் மேலிடத்துக்கு அனுப்பியவன்தான்.

பிரிட்டனில் இதற்கு ஒரு நல்ல அளவுகோல் உண்டு. அதுவும் 1985இல் பிறந்ததே. லண்டனின் பிரென்ட் வட்டார மன்றம் பள்ளிகளை மூடவும் இணைக்கவும் முற்பட்டபோது எழுந்த வழக்கில் நீதிமன்றம் நான்கு நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டது. திட்டம் இன்னும் உருவாகும் நிலையில் இருக்கும்போதே கேட்க வேண்டும். யோசித்துப் பதில் சொல்லும் அளவுக்குக் காரணங்களையும் விவரங்களையும் தர வேண்டும். போதிய அவகாசம் கொடுக்க வேண்டும். வந்த கருத்துகளை முடிவெடுக்கும்போது மனச்சான்றோடு கணக்கில் கொள்ள வேண்டும். 2014இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் இவற்றை உறுதிப்படுத்தியது. அந்தச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் உங்கள் பாட்டியின் கதையை இந்த நான்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள், முதலிலேயே இடறுகிறது. பலகை கீழ்த்தளத்துக்கு வந்தபோதே படம் முடிந்துவிட்டது. 75 விழுக்காடு என்பது ‘வேண்டுமா, வேண்டாமா’ என்ற கேள்விக்கு மட்டுமே விடை தரும். ‘எந்த இடத்தில்’ என்ற கேள்வியைப் படம் வரைவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

அலுவலர்கள் ஏன் அவ்வாறு செய்வதில்லை? அகங்காரம் காரணமன்று, பெரும்பாலும் அச்சமே காரணம். கேட்டுவிட்டுச் செய்ய முடியாமல் போனால் மக்கள் ஏமாற்றமடைவார்கள் என்று அஞ்சுவோம். அதற்கு நான் பிற்காலத்தில் கண்ட மருந்து ஒன்றுதான்: கூட்டம் தொடங்கும்போதே எது முடிவாகிவிட்டது, எது உங்கள் கையில் இருக்கிறது என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லிவிடுவது. “நடைபாதை வருவது உறுதி, நிலத்தடிக் குழாய்கள் இருப்பதால் இந்தப் பக்கம் தோண்ட முடியாது, இருக்கைகள் எங்கே என்பதை நீங்கள் சொல்லுங்கள்” என்று திறந்து பேசிய கூட்டங்களில் எனக்குச் சினந்த முகம் மிகக் குறைவாகவே எதிர்ப்பட்டது. ஏற்பாட்டாளர்களிடம் முதலில் இந்தப் பட்டியலைக் கேளுங்கள் ஐயா. தர மறுத்தால் கூட்டமே நடத்த வேண்டாம் என்றுகூடச் சொல்வேன்.

சொல்தேடி:

வணக்கம். நான் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் வேலை செய்கிறேன். முன்னாள் அலுவலர் ஐயா சொன்ன நான்கு நிபந்தனைகளுக்கு முன்பாக ஐந்தாவது ஒன்று இருக்கிறது. கேட்கும் கேள்வி கேட்கப்படுபவருக்குப் புரிய வேண்டும்.

ஒரு பேட்டையின் கருத்துப் படிவத்தை, அது விநியோகிக்கப்பட்ட பிறகு, பார்க்க நேர்ந்தது. தலைப்பு நான்கு மொழிகளில் இருந்தது, விவரம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது, கீழே ஒரு கியூஆர் குறியீடு. உருப்படிகளின் பெயர்களை மட்டும் தமிழில் போட்டிருந்தார்கள். கூரையுள்ள நடைபாதைக்கு ‘மூடப்பட்ட இணைப்பு வழி’ என்று அச்சிட்டிருந்தது. அதைப் படித்த என் பெரியம்மா, பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் வழியை மூடப்போகிறார்கள் என்று எண்ணி எதிர்ப்புத் தெரிவித்துவிட்டார். மழையில் நனையாமல் நடக்க ஒரு கூரை வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தவர் அவர். அவருடைய ‘வேண்டாம்’ எண்ணிக்கையில் எதிர்ப்பாகவே பதிவாகியிருக்கும், ஏன் எதிர்த்தார் என்று எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசும் குடியிருப்பாளர்கள் 2.5 விழுக்காட்டினர். இந்தச் சிறிய எண்ணைக் காட்டி, அவர்களுக்கெல்லாம் ஆங்கிலம் தெரியும் என்று சொல்லிவிடுவது எளிது. கீழ்த்தளத்தில் பகல் முழுவதும் இருப்பவர்களும் திண்டில் உட்காருபவர்களும் யார் என்று பார்த்தால், ஆங்கிலத்தில் தயங்கும் முதியோரே மிகுதி. ‘நமது சிங்கப்பூர் கலந்துரையாடல்’ சீனக் கிளைமொழிகளையும் சேர்த்து ஏழு மொழிகளில் நடந்தது, ஆகவே மனம் வைத்தால் முடியும். ஐயா, படிவம் அச்சுக்குப் போகுமுன் உங்கள் பேட்டையின் இரண்டு தமிழ் மூத்தோரிடம் அதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் தடுமாறும் இடத்தைத் திருத்தினால் போதும். அதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

தடம்நடை:

நான் சற்று மாறுபடுகிறேன். கூட்டத்தை எவ்வளவு சீராக நடத்தினாலும், ஏற்பாட்டாளரின் அழைப்புக்காக மக்கள் காத்திருக்கும்வரை அவர் கேட்கும் கேள்விக்கு மட்டுமே நம்மால் விடை சொல்ல முடியும். உட்லண்ட்சிலிருந்து தஞ்சோங் பகார் வரையிலான 24 கிலோமீட்டர் ரயில் தடத்தை நினைத்துப் பாருங்கள். 2011 ஜூன் 30 அன்று கடைசி ரயில் புறப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டே இயற்கைச் சங்கம், அந்நிலத்தைத் துண்டு போடாமல் பசுமைத் தடமாகக் காக்க வேண்டும் என்ற முன்மொழிவை எழுதி முடித்துவிட்டது. யாரும் கேட்பதற்கு முன்பே ஆய்ந்து எழுதி வைத்திருந்ததால்தான், அந்நிலத்தை என்ன செய்வது என்ற பேச்சு தொடங்கியபோது அவர்கள் வெறுங்கையோடு நிற்கவில்லை. வார இறுதிகளில் நான் அந்தத் தடத்தில் நடக்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குறுக்குத் தீவு ரயில் பாதை மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கை வனப்பகுதியின் அடியில் செல்லலாம் என்று 2013இல் தெரியவந்தபோது, காட்டைச் சுற்றிச் செல்லுங்கள் என்று பலர் வாதிட்டோம். 2019 டிசம்பரில் வந்த முடிவு எங்களுக்கு எதிரானது. காட்டின் அடியிலேயே, சுமார் 70 மீட்டர் ஆழத்தில் செல்லும் என்றார்கள். ஆனாலும் காரணத்தைச் சொன்னார்கள். சுற்றிப் போனால் பயணம் 6 நிமிடம் நீளும், செலவு ஏறத்தாழ 2 பில்லியன் வெள்ளி கூடும். காட்டுக்குள் இடவிருந்த ஆய்வுத் துளைகள் 72 என்றிருந்தது, நீண்ட உரையாடலுக்குப் பிறகு 16 ஆகக் குறைந்தது. அந்த முடிவு எனக்கு இன்றும் உவப்பானதன்று. எனினும், எந்த வாதம் எந்தக் கணக்கின் முன் தோற்றது என்பது எனக்குத் தெரியும். உங்கள் பாட்டிக்கு அதுகூடக் கிடைக்கவில்லை என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

இரவுப்பணி:

ஒரே ஒரு வேண்டுகோள். கூட்டங்களை எப்போதும் வார நாளில் இரவு 7.30 மணிக்கே வைக்கிறார்கள். நான் தாதி. அந்த நேரத்தில் ஒன்று வேலையில் இருப்பேன், இல்லையென்றால் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருப்பேன். காலை 7 மணிக்கு மின்தூக்கி வாசலில் ஒருவர் பத்து நிமிடம் நின்றிருந்தால் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

பேட்டைவாசி:

எல்லாருக்கும் நன்றி. நேற்று அந்தப் பாட்டியோடு சந்தையிலிருந்து வீடுவரை நடந்தேன். தடம்நடை சொன்னதுபோல், அழைப்புக்குக் காத்திராமல் நாங்களே ஒரு படம் வரைந்தோம். அவர் மூச்சு வாங்கிய இடங்களைக் குறித்துக்கொண்டேன். முதல் திண்டிலிருந்து வீடுவரை என் காலடியில் 260. வழியில் இன்னும் மூன்று மூத்தோர் தங்கள் இடங்களையும் குறிக்கச் சொன்னார்கள். அதை ஏற்பாட்டாளர்களிடம் கொடுத்து, பாத்திக்குப் பக்கத்தில் ஓர் இருக்கை இன்னும் முடியுமா, முடியாவிட்டால் ஏன் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். முன்னாள் அலுவலர் ஐயா சொன்ன இரண்டு பட்டியல்களையும், காலை நேரத்தில் மின்தூக்கி வாசலில் கருத்துக் கேட்பதையும் அடுத்த கூட்டத்துக்கு முன்பே வைக்கப் பேசிவிட்டேன். காலைக்கு ஒப்புக்கொண்டார்கள், பட்டியலுக்கு இன்னும் பதில் வரவில்லை.

கருத்துகளுக்கு என்ன ஆயிற்று என்பதை ‘கேட்டது, முடிவு, காரணம்’ என மூன்று பத்தியாக எழுதி ஒவ்வொரு மின்தூக்கி வாசலிலும் ஒட்டவும் எண்ணியிருக்கிறேன். பாட்டியிடம் சொன்னபோது, சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் தெரியும்படி தாழ்வாக ஒட்டச் சொன்னார். சொல்தேடி அம்மா, அந்தத் தாளின் தமிழை நீங்கள் ஒருமுறை பார்த்துத் தர முடியுமா? ‘கூரையுள்ள நடைபாதை’ என்றே எழுதியிருக்கிறேன்.