"வேண்டாம் என்றால் அழித்துவிட்டுப் போங்கள்": சஞ்சார் சாத்தி சண்டை

தெற்குவாசல்:
கோவை நிதானம் நேற்று வேறொரு பேச்சுக்கு நடுவே போகிறபோக்கில் எழுதியது இது: "சஞ்சார் சாத்திக்கு வீணாகக் கூச்சல் போட்டார்கள். வேண்டாதவர்கள் அழித்துவிட்டுப் போகலாம் என்று அமைச்சரே சொன்னார். மடியில் கனம் இருப்பவனுக்குத்தானே வழியில் பயம்?" படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை, அதனால் தனியாகவே எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: சஞ்சார் சாத்தி என்பது தொலைந்த போனை முடக்கவும் மோசடி அழைப்பைப் புகார் செய்யவும் மத்திய அரசு உருவாக்கிய செயலி. 2025 நவம்பர் 28 அன்று தொலைத்தொடர்புத் துறை போன் நிறுவனங்களுக்கு ஓர் உத்தரவு அனுப்பியது. 90 நாளுக்குள் இந்தியாவில் விற்கும் எல்லாப் புதுப் போனிலும் இந்தச் செயலி இருக்க வேண்டும். ஏற்கெனவே தயாராகிக் கடைக்குப் போய்விட்ட போன்களுக்குள்ளும் அப்டேட் வழியாக அனுப்ப வேண்டும். நமக்கு யாரும் சொல்லவில்லை. டிசம்பர் 1 அன்று செய்தி வெளியான பிறகுதான் ஊருக்கே தெரிந்தது. செயலியின் செயல்பாடுகளை முடக்கவோ கட்டுப்படுத்தவோ கூடாது என்று உத்தரவிலேயே எழுதியிருந்தார்கள். 'அழிக்கலாம்' என்று தொலைத்தொடர்பு அமைச்சர் சிந்தியா சொன்னது டிசம்பர் 2, நாடே கத்திய பிறகு. 3ஆம் தேதி கட்டாயம் என்பதையே வாபஸ் வாங்கிவிட்டார்கள்.

அழிக்கலாம் என்றால் அந்த வரி எதற்கு? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

கோவை நிதானம்:
அண்ணே, ஆரம்பித்துவிட்டீர்களா? அந்த வரி நிறுவனங்களுக்கு. செயலியை ஒப்புக்கு வைத்துவிட்டு உள்ளே பாதி வசதியை வேலை செய்யாமல் ஆக்கிவிடக் கூடாது என்பதற்காக எழுதியது. உங்களையும் என்னையும் பற்றிய வரி இல்லை. இதை அமைச்சகமே விளக்கியது. விளக்கத்தைப் படிக்காமல் உத்தரவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஆடுகிறீர்கள்.

அப்புறம் ஒன்று. இதை நீங்கள் எந்தப் போனில் தட்டச்சு செய்தீர்கள்? கூகுள் உங்கள் படுக்கையறை வரை வந்துவிட்டது. அதற்கு ஒரு பதிவாவது போட்டதுண்டா?

தெற்குவாசல்:
விளக்கம் எப்போது வந்தது? பிடிபட்ட பிறகு. உத்தரவு எப்போது போனது? பிடிபடுவதற்கு முன்பு. நான் எதைப் படிக்க வேண்டும்?

கூகுளுக்கு அப்புறம் வருகிறேன். கூகுளால் என்னைக் கைது செய்ய முடியாது.

பழையசோறு:
அமைச்சர் சொன்னால் உத்தரவு மாறிவிடும் என்றால் அரசாணை எதற்கு, அச்சகம் எதற்கு? பேட்டி போதுமே.

போன்கடைக்காரன்:
நான் விற்கிறவன், சொல்கிறேன். போனில் முன்கூட்டியே வரும் செயலி இரண்டு வகை. சிலவற்றை நீங்கள் தரவிறக்கியது போலவே விரலை வைத்து அழுத்தி அழித்துவிடலாம். மற்றவை சிஸ்டம் பகுதியில் உட்கார்ந்திருக்கும். அவற்றுக்கு 'அன்இன்ஸ்டால்' பொத்தானே வராது, 'டிஸேபிள்' மட்டும்தான், அதுவும் எல்லாவற்றுக்கும் வராது. கம்ப்யூட்டரில் இணைத்து வித்தை காட்டி எடுத்தாலும் ஃபேக்டரி ரீசெட் போட்டால் மறுபடி வந்து நிற்கும். எந்த வகையில் வைக்க வேண்டும் என்று அந்த உத்தரவில் தெளிவாக இல்லை. நிறுவனம் ஏன் ரிஸ்க் எடுக்கப் போகிறது? 'முடக்கக் கூடாது' என்று படித்தால் சிஸ்டத்தில்தான் வைத்திருப்பான்.

இதில் எனக்கு எந்தக் கட்சியும் இல்லை. பத்தாயிரம் ரூபாய் போனில் இருபது குப்பைச் செயலி வருகிறது. அதைத் திட்டுகிற வாடிக்கையாளரிடம் இதற்கும் நான்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

தெற்குவாசல்:
கேட்டீர்களா நிதானம்? 'டிஸேபிள்' பொத்தான் மட்டும்தான் இருக்கும். டிஸேபிள் செய்யக் கூடாது என்று உத்தரவு. அப்படியானால் என்ன மிச்சம்?

கோவை நிதானம்:
'வைத்திருப்பான்', 'இருந்திருக்கும்'. எல்லாமே யூகம். ஒரு போனாவது அப்படி வந்ததா? வரவில்லை. நடக்காத ஒன்றுக்கு இவ்வளவு ஒப்பாரி.

தெற்குவாசல்:
நடக்காமல் போனது கத்தியதால். ஆப்பிள் இதை ஏற்கப்போவதில்லை என்று செய்தி வந்தது, எதிர்க்கட்சிகள் நாடாளுமன்றத்தில் பிடித்துக்கொண்டன. நீங்கள் சொன்னபடி எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்நேரம் பெட்டியைப் பிரித்ததும் அதுதான் சிரித்துக்கொண்டு நின்றிருக்கும்.

நெய்தல்:
கொஞ்சம் குறுக்கே வருகிறேன். 2024இல் பேருந்தில் என் போன் திருட்டுப் போனது. சஞ்சார் சாத்தியில்தான் புகார் கொடுத்து போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயை முடக்கினேன். சில மாதம் கழித்துக் காவல் நிலையத்திலிருந்து அழைத்தார்கள், போன் கிடைத்தது. என்னைப் போல ஏழு லட்சத்துக்கு மேல் பேருக்குத் திரும்பக் கிடைத்திருப்பதாக அரசு சொல்கிறது. என் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்றும் அதில் பார்க்க முடிந்தது. 'வேவு, வேவு' என்கிறவர்கள் இந்த உபயோகத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லையே, ஏன்?

தெற்குவாசல்:
சகோதரி, நல்ல கேள்வி, தவறான இடம். 2024 என்கிறீர்கள். செயலியே வந்தது 2025 ஜனவரியில்தான். நீங்கள் பயன்படுத்தியது 2023 மே மாதத்திலிருந்து இருக்கும் இணையதளம். உங்கள் போனைக் கண்டுபிடிக்க என் போனுக்குள் எதுவும் இருக்கத் தேவையில்லை. திருட்டுப் போன போனிலிருந்து யாரும் புகார் கொடுப்பதும் இல்லை. அந்தத் தளம் இருக்கட்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். தேவைப்படுகிறவர் தேடிப்போய் எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு ஏன் திணிக்க வேண்டும்? ஆண்ட்ராய்டில் அந்தச் செயலி கேட்கும் அனுமதிகளைப் பாருங்கள்: அழைப்பு விவரம், எஸ்எம்எஸ், கேமரா, கோப்புகள். தொலைந்த போனுக்குப் புகார் கொடுக்க என் அழைப்பு விவரம் எதற்கு?

நெய்தல்:
"நல்ல கேள்வி, தவறான இடம்." நன்றி ஐயா, உட்காரட்டுமா? உங்களுக்குக் கணினி தெரியும், தளத்தைத் தேடிப் போவீர்கள். என் அம்மாவுக்கு அப்படி ஒரு தளம் இருப்பதே தெரியாது. போனிலேயே இருந்தால் கண்ணில் படும். 'டிஜிட்டல் கைது' என்று வீடியோ அழைப்பில் மிரட்டிப் பணம் பறிக்கிறார்களே, அதில் ஏமாறுகிறவர்கள் உங்களைப் போன்ற ஆட்கள் இல்லை.

கோவை நிதானம்:
சரியாகச் சொன்னீர்கள் அம்மா. இவர்களுக்குச் சாமானியர்களின் கஷ்டம் தெரியாது. தத்துவம் பேசத் தெரியும்.

தெற்குவாசல்:
டிஜிட்டல் கைது என்று மிரட்டுகிறவனுக்கு உங்கள் அம்மாவின் பெயர், முகவரி, பாலிசி எண் எல்லாம் எங்கிருந்து கிடைக்கிறது? 2024இல் ஸ்டார் ஹெல்த் வாடிக்கையாளர்களின் மருத்துவ ஆவணங்கள் டெலிகிராமில் பாட் (தானாகப் பதில் அனுப்பும் கணக்கு) வைத்து விநியோகமானது நினைவிருக்கிறதா? சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம். தகவலைச் சேர்த்து வைப்பவன் அதைக் காப்பாற்றுவதில்லை, ஏமாறுகிறவன் போனில் இன்னொரு செயலி. அழகான தீர்வு.

நிதானம், 'இது முதல் தடவை, பெரிதுபடுத்தாதீர்கள்' என்று அடுத்து வருவீர்கள் என்று தெரியும், அதனால் முன்பே சொல்லிவிடுகிறேன். 2020 ஏப்ரலில் கொரோனாத் தொடர்பைக் கண்டறியும் ஆரோக்கிய சேது செயலி வந்தபோதும் விருப்பப்பட்டவர்களுக்கு என்றார்கள். மே 1 அன்று உள்துறை உத்தரவில் அரசு, தனியார் ஊழியர் எல்லோருக்கும் கட்டாயம். நொய்டாவில் போனில் இல்லாவிட்டால் தண்டனை என்றார்கள். மே 17இல் 'முடிந்தவரை' என்று இறங்கி வந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில், அதை உருவாக்கியது யார் என்ற ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்டம்) கேள்விக்குத் தெளிவான பதில் தராத அதிகாரிகளை மத்தியத் தகவல் ஆணையம் கடிந்துகொண்டது. கோடிக்கணக்கான போனில் இருக்கிறது, யார் செய்தது என்று சொல்ல ஆளில்லை.

பழையசோறு:
அசரீரி செய்திருக்கும்.

கோவை நிதானம்:
கொரோனாவில் ஊரே செத்துக்கொண்டிருந்தபோதும் உங்களுக்கு ஆர்டிஐதான் கவலை. வாழ்க.

ஒன்று கேட்கிறேன். 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள் யாரோ புகுந்து தகவல்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அப்போது எங்கே இருந்தீர்கள்? மாநில அரசு முகத்தைப் படம் பிடித்தால் பாதுகாப்பு, மத்திய அரசு செயலி வைத்தால் சர்வாதிகாரம். இதுதானே உங்கள் கணக்கு?

தெற்குவாசல்:
அதைப் பற்றியும் எழுதினேன். உங்களுக்குத் தேவையானதை மட்டும் படிக்கும் பழக்கம்.

கோவை நிதானம்:
எங்கே எழுதினீர்கள்? தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

தெற்குவாசல்:
வேறு இடத்தில்.

பழையசோறு:
'வேறு இடத்தில்' அருமையான இடம். நானும் நிறைய அங்கேதான் எழுதியிருக்கிறேன்.

போன்கடைக்காரன்:
எல்லோரும் ஒரே செயலியைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். என் வயிற்றில் அடித்தது வேறு. அதே நவம்பர் 28 அன்று இன்னொரு உத்தரவும் போனது. வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல் எல்லாம் எப்போதும் போனில் இருக்கும் சிம்மோடு கட்டப்பட்டிருக்க வேண்டுமாம். கம்ப்யூட்டரில் திறந்தால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை தானாக வெளியே தள்ளுமாம். என் கடையில் ஆர்டர், பில் எல்லாம் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் திறந்துதான். கடையில் பையன் ஒரு சிஸ்டம், நான் ஒரு சிஸ்டம். சிம் என் சட்டைப் பையில். நான் வெளியே போயிருக்கும் நேரத்தில் தள்ளிவிட்டால் பையன் என்ன செய்வான்? இதற்கு யாராவது கத்தினீர்களா?

கோவை நிதானம்:
மோசடிக் கும்பல் வெளிநாட்டில் உட்கார்ந்து இந்திய எண்ணில் வாட்ஸ்அப் ஓட்டுகிறது. அதைத் தடுக்கத்தான். ஒரு நாளில் இரண்டு முறை ஸ்கேன் செய்வதற்குமா அழுகை? வங்கிச் செயலியில் செய்வதில்லையா?

போன்கடைக்காரன்:
சார், நீங்கள் சம்பளக்காரர். விடுங்கள்.

கோவை நிதானம்:
நான் என்ன வேலை செய்கிறேன் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாமல் பேசாதீர்கள்.

தெற்குவாசல்:
பேச்சை மாற்றாதீர்கள். கூகுளுக்கு வருகிறேன் என்று சொன்னேன், வந்துவிட்டேன். 2022 அக்டோபரில் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஆண்ட்ராய்டு போனில் தன் செயலிகளை மொத்தமாகத் திணிப்பதுதான் முக்கியக் குற்றச்சாட்டு. பயனர் அழிப்பதைத் தடுக்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை வைத்துக்கொண்டு, அழிக்க விட வேண்டும் என்ற அந்த நிபந்தனையை மற்ற சிலவற்றோடு சேர்த்து எடுத்துவிட்டது. ஆக, தனியார் திணித்தால் குற்றம் என்று சொன்ன அதே நாட்டில்தான் அரசு கடிதம் எழுதித் திணிக்கச் சொன்னது. எனக்கு இரண்டு பேரும் வேண்டாம். 'அவன் எடுக்கிறான், நானும் எடுத்தால் என்ன' என்பது உங்கள் வாதம். திருடனைக் காட்டித் திருடன் வாங்கும் நற்சான்றிதழ்.

இந்தியாவில் மட்டும் இல்லை. ரஷ்யாவில் 2025 செப்டம்பரிலிருந்து மேக்ஸ் என்ற அரசு ஆதரவு பெற்ற மெசேஜிங் செயலி ஒவ்வொரு புதுப் போனிலும் கட்டாயம். நாம் யார் பக்கத்தில் போய் நிற்கப் பார்த்தோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நெய்தல்:
தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதே? விதிகளும் 2025 நவம்பரில் வெளியாயின. தப்பு செய்தால் 250 கோடி வரை அபராதம். அதை ஏன் சொல்வதில்லை?

தெற்குவாசல்:
யாருக்கு 250 கோடி? 17ஆவது பிரிவைப் படியுங்கள். மத்திய அரசு தான் விரும்பும் அரசு அமைப்புக்கு அறிவிப்பு வெளியிட்டு விலக்குக் கொடுத்துக்கொள்ளலாம். விதிகளில் முக்கியமானவை நடைமுறைக்கு வரவே 18 மாதம். அதே சட்டத்தை வைத்துத் தகவல் உரிமைச் சட்டத்திலும் கைவைத்துவிட்டார்கள். அவர்களைப் பற்றி நாம் கேட்கக் கூடாது, நம்மைப் பற்றி அவர்கள் எல்லாம் தெரிந்துகொள்ளலாம்.

அது போகட்டும். முடக்கக் கூடாது என்ற வரிக்கு இன்னும் பதில் வரவில்லை.

கோவை நிதானம்:
இரண்டாவது பதிவிலேயே சொல்லியாயிற்று. நிறுவனங்களுக்கு.

தெற்குவாசல்:
அது பதில் இல்லை, அமைச்சகத்தின் அறிக்கை. உங்கள் பதில் என்ன?

கோவை நிதானம்:
அதேதான் என் பதில். பிடிக்கவில்லை என்பதற்காகப் பதில் இல்லை என்று ஆகிவிடாது. ஆறாவது முறையாகக் கேட்டாலும் நிறுவனங்களுக்கு, நிறுவனங்களுக்கு.

உங்கள் ஆரூடங்களின் தரம் எங்களுக்குத் தெரியாதா? 2022இல் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது இங்கேதானே எழுதினீர்கள், 100 யூனிட் இலவசம் போய்விடும், வாடகைக்கு இருப்பவன் தெருவுக்கு வருவான் என்று. மூன்று வருடம் ஆயிற்று. 100 யூனிட் போனதா?

தெற்குவாசல்:
போய்விடும் என்று எழுதவில்லை. போகக்கூடும் என்று எழுதினேன்.

பழையசோறு:
இதோ, வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம். போன் எங்கே போயிற்று?

கோவை நிதானம்:
'போய்விடும்' என்றுதான் எழுதினீர்கள். ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. போடவா?

தெற்குவாசல்:
மூன்று வருடமாக என் பதிவுகளைச் சேர்த்து வைத்திருக்கிறீர்களா? தொலைத்தொடர்புத் துறை உங்களை வேலைக்கு எடுத்திருந்தால் செயலியே தேவைப்பட்டிருக்காது. போடுங்கள். முழுதாகப் போடுங்கள், கீழே நீங்கள் என்னைத் 'தேசவிரோதி' என்று எழுதிய பகுதியை வெட்டாமல்.

கோவை நிதானம்:
அப்படி நான் எழுதவே இல்லை. வேறு யாரோ.

நெய்தல்:
நீங்கள்தான் எழுதினீர்கள். நானும் அதில் இருந்தேன்.