ரிமோட் குறிவிலக்கம்: மார்க், ஸ்பேஸ் இரண்டுக்கும் தமிழில் என்ன?

நண்பர்களுக்கு வணக்கம். ரிமோட் பட்டனை அழுத்தினால் அதன் அகச்சிவப்பு எல்இடி விட்டு விட்டு ஒளி அனுப்பும். ஒளி வரும் நேரம் மார்க், வராத நேரம் ஸ்பேஸ். இவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று இங்கே வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> மார்க்குக்குத் 'துடிப்பு', ஸ்பேஸுக்கு 'இடைவெளி' என்றே போட்டுவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். ரிமோட்டின் எல்இடி ஒரு மார்க் முழுக்க ஒரே சீராக எரிவதில்லை. பொதுவாக வினாடிக்கு சுமார் 38,000 முறை எரிந்து அணைகிறது. என்இசி என்ற ரிமோட் சைகை முறையில் ஒரு சின்ன மார்க்கின் நீளம் 562.5 மைக்ரோவினாடி. அதற்குள்ளேயே இருபத்தொரு துடிப்புகள் அடங்கிவிடும். உள்ளே இருப்பதும் துடிப்பு, வெளியே இருப்பதும் துடிப்பு என்றால், ஊர்தி அலையை (அந்த வேகமான எரிந்தணைதலை) விளக்க வரும்போது மாட்டிக்கொள்வோம்.

'உயர்', 'தாழ்' என்றும் ஒருவர் சொல்லியிருந்தார். டிசாப் 1738 மாதிரியான ஏற்பிகளில் (ரிமோட்டின் ஒளியை வாங்கும் சில்லுகளில்) மார்க் வரும்போது வெளியீட்டுக் கால் தாழ்நிலைக்குப் போகும். சும்மா இருக்கும்போது உயர்நிலையில் நிற்கும். ரிமோட் பக்கம் எல்லாம் தலைகீழ். ஆகவே அதுவும் உதவாது.

'இடைவெளி' பற்றிய என் தயக்கம் வேறு. என்இசியில் 0, 1 இரண்டுக்கும் மார்க்கின் நீளம் ஒன்றேதான். பின்னால் வரும் ஸ்பேஸ் 562.5 மைக்ரோவினாடி என்றால் 0, அதன் மும்மடங்கு, அதாவது 1687.5 என்றால் 1. செய்தியே ஸ்பேஸில்தான் இருக்கிறது! சோனி முறையில் நேர்மாறு: ஸ்பேஸ் எப்போதும் 0.6 மில்லிவினாடி, மார்க்தான் 0.6 அல்லது 1.2 என்று மாறும். ஆக, ஒன்று பொருள், மற்றது வெறும் சந்து என்று தொனிக்கிற சொற்கள் வேண்டாம். இரண்டும் சமமாக நிற்க வேண்டும்.

என் பரிந்துரை: மார்க் = மினுக்கம், ஸ்பேஸ் = ஓய்வு.

'அணைவு' என்பதையும் யோசித்தேன். வேதியியல்காரர்கள் அணைவுச் சேர்மம் என்று அதை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 'குறி' பற்றிப் பேசவே வேண்டாம், வகுப்பில் சொல்லிப் பாருங்கள் தெரியும்.

> அகச்சிவப்பு கண்ணுக்கே தெரியாது. அதில் என்ன மினுக்கம்?

ரிமோட்டைக் கைபேசியின் முன்பக்கக் கேமராவுக்கு நேரே பிடித்து பட்டனை அழுத்துங்கள். பெரும்பாலான கைபேசிகளில் வெளிர் ஊதாவாக மினுக்கும்.

ஒரு சொல் தேறுமா என்பதை வாக்கியத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். நுண்கட்டுப்படுத்திக்கு நிரல் எழுதுகிற மாணவருக்கு இப்படிச் சொல்லலாம்: "முதலில் 9 மில்லிவினாடி மினுக்கமும் 4.5 மில்லிவினாடி ஓய்வும் வருகிறதா என்று பார். பிறகு 32 ஓய்வுகளை அள. ஒரு மில்லிவினாடிக்கு மேல் நீண்டால் 1, இல்லையென்றால் 0." எனக்கு இது தடங்கல் இல்லாமல் ஓடுகிறது.

அந்த 9 மில்லிவினாடி லீடருக்கு 'கட்டியம்' என்று வைக்கலாமா? அரசர் வருமுன் கட்டியக்காரர் கூவுகிற மாதிரி, தரவு வருமுன் ஏற்பியை உஷார்ப்படுத்துகிறது. பழைய ஏற்பிகள் தங்கள் பெருக்கத்தைச் சரிசெய்துகொள்ளவே அவ்வளவு நீளம் வைத்தார்கள். 'தலைமைத் துடிப்பு' என்ற முன்மொழிவைவிட இது மேல் என்பது என் எண்ணம்.

பட்டனை விடாமல் பிடித்தால் சுமார் 110 மில்லிவினாடிக்கு ஒருமுறை ரிபீட் வரும்: 9 மில்லிவினாடி மினுக்கம், 2.25 ஓய்வு, கடைசியில் ஒரு குட்டி மினுக்கம், அவ்வளவுதான். தரவே இருக்காது. ஆர்டுயினோ நுண்கட்டுப்படுத்திப் பலகைக்கான பழைய ரிமோட் நிரல் நூலகத்தில் FFFFFFFF என எட்டு எஃப் வரிசையாக வருகிறதே, ரிமோட் கெட்டுவிட்டதா என்று பலர் கேட்பது இதைப் பார்த்துத்தான். இதற்கு 'மீள்கட்டியம்' போதும்.

பிலிப்ஸின் ஆர்சி5 முறையில் உள்ள டாகிள் பிட்டுக்குத்தான் ஒன்றும் பிடிபடவில்லை. ஒவ்வொரு புது அழுத்தத்துக்கும் அது 0, 1 எனப் புரளும். பிடித்தே இருந்தால் புரளாது. 'மாறி' என்றால் வேரியபிளோடு மோதும். 'புரள்பிட்' என்று சொன்னால் சிரிப்பீர்களா?