சமூகவியலை மாற்றப் போவதாகச் சொன்ன கோட்பாடுகள் எதை மாற்றின?

பழையவாசகர்:
பத்து இருபது வருடத்துக்கு ஒருவர் வந்து, சமூகவியல் இதுவரை தப்பான வழியில் போனது, இனி என் வழிதான் என்பார். 1937இல் அமெரிக்கச் சமூகவியலாளர் பார்சன்ஸ், எல்லாவற்றையும் ஒரே கோட்பாட்டுக்குள் அடக்கப் பார்த்தார். 1959இல் ரைட் மில்ஸ் அந்தப் 'பெருங்கோட்பாட்டை'க் கிண்டலடித்தார். 1970இல் கோல்ட்னர் சமூகவியலுக்கே நெருக்கடி வருகிறது என்றார். 1990இல் கோல்மன் எல்லாவற்றையும் தனிமனிதத் தெரிவிலிருந்து கட்டப் பார்த்தார், 2005இல் லத்தூர் 'சமூகம்' என்பதை வைத்து எதையும் விளக்காதீர்கள், விளக்க வேண்டியதே அதைத்தான் என்றார். இத்தனைக்கும் பிறகு, கேள்வித்தாளோடு களத்துக்குப் போகிறவர் செய்வது அதே வேலைதான். பெயர்ப்பலகைதான் புதுசு.

மின்மினி:
அந்தக் கேள்வித்தாளில் இருக்கும் கேள்வி மாறவில்லையா? பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஆன் ஓக்லி லண்டனில் 40 இல்லத்தரசிகளிடம் பேசி 1974இல் புத்தகம் போட்டார். வீட்டுவேலைக்கு வாரம் சராசரியாக 77 மணி நேரம்! அதற்கு முன் தொழில் பற்றி ஆராய்பவர் ஆலைக்குப் போய்விடுவார், குடும்பம் பற்றி ஆராய்பவர் திருமணத்தையும் உறவையும் பேசுவார், அடுப்படி இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடும்.

பழையவாசகர்:
சரி, நல்ல ஆய்வு. ஆனால் நேர்காணல், சராசரி எல்லாம் பழைய கருவிகள். இதற்குப் புதுக் கோட்பாடு எதற்கு, கண்ணைத் திறந்தால் போதாதா?

மின்மினி:
கண் திறந்துதான் இருந்தது. கணவன் சம்பாதிப்பவன், மனைவி வீட்டாரின் மனதைப் பார்த்துக்கொள்பவள் என்று பார்சன்ஸ் பங்கு பிரித்து வைத்திருந்தார். அப்படிப் பார்த்தால் பாத்திரம் தேய்ப்பது உழைப்பாகத் தெரியாது, பாசமாகத்தான் தெரியும். பெண்ணியம் உடைத்தது அதைத்தான்.

ஓரத்து இருக்கை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பிரெஞ்சுச் சமூகவியலாளர் துர்க்கைம் 1897இல் தற்கொலை பற்றி எழுதியது அரசுப் புள்ளிவிவரங்களை வைத்து. இரண்டே வருடத்தில் அமெரிக்கக் கறுப்பினச் சமூகவியலாளர் டுபாய்ஸ், பிலடெல்பியா நகரின் ஏழாவது வார்டில் தானே வீடு வீடாக ஏறி இறங்கிக் கறுப்பின மக்களைப் பற்றி எழுதினார். துர்க்கைம் துறையின் 'தந்தை' ஆனார். டுபாய்ஸைப் படிக்காமலே எத்தனை தலைமுறை பட்டம் வாங்கியது?

பழையவாசகர்:
நான் சொல்வதும் அதுதானே. அவரை ஒதுக்கியது கோட்பாடு அல்ல, நிறவெறி. திரும்பக் கூட்டி வந்ததும் கோட்பாடு அல்ல, வெளியே நடந்த போராட்டம்.

ஓரத்து இருக்கை:
கூட்டி வந்து எங்கே உட்கார வைத்தோம் என்று பாருங்கள். முதல் வாரம் துர்க்கைம், கடைசி வாரம் 'பிற குரல்கள்' என்ற தலைப்பில் டுபாய்ஸ், அதுவும் நேரம் இருந்தால். பாடத்திட்டம் போடுகிறவர் தலையில் ஒரு கோட்பாடு இல்லாமலா இந்த வரிசை வந்தது?

பழையவாசகர்:
கடைசி வாரத்தில் தேர்வுக்கான விடுமுறை வந்துவிடும், அதை ஒப்புக்கொள்கிறேன்.