ஆக்சிஜன் சேம்பர்: 14 சிட்டிங் முடிந்தது, காது வலியில் நிற்கிறது

மகனுக்கு 5 வயது, ஆட்டிசம். மதுரையில் இருக்கிறோம். அழுத்தம் ஏற்றிய அறைக்குள் ஆக்சிஜன் கொடுக்கும் சிகிச்சை, 40 சிட்டிங் பேக்கேஜ், மொத்தப் பணமும் முதலிலேயே கட்டியாச்சு. ஜிப் வைத்த சாஃப்ட் சேம்பர், சாதாரண காற்றழுத்தத்தைப் போல 1.3 மடங்கு அழுத்தம், தினமும் ஒரு மணி நேரம். பேச்சில் மாற்றம் இல்லை. 9-வது நாளிலிருந்து, அழுத்தம் ஏறும்போதே இடது காதைப் பொத்திக்கொண்டு ஜிப்பைப் பிறாண்டுகிறான். வலிக்குதுன்னு சொல்லத் தெரியாது அவனுக்கு.

லாலிபாப், ஸ்ட்ராவில் தண்ணீர், அழுத்தத்தை மெதுவாக ஏற்றுவது, எதற்கும் அடங்கவில்லை. இஎன்டி டாக்டர் செவிப்பறை சிவந்திருக்கு, நிறுத்துங்க என்கிறார். சென்டரில், நடுவில் விட்டால் பலன் போயிடுமாம். ஆட்டிசத்துக்கு இது உதவும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்ற 2016 காக்ரேன் ஆய்வை (பல மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு அது) பணம் கட்டிய பிறகுதான் படித்தேன்.

40-ஐயும் முடித்த பெற்றோர் சொல்லுங்கள்: ஆறு மாதம் கழித்தும் நிலைத்த மாற்றம் ஏதாவது உண்டா?