உரோமானியச் சிலைகளில் பெண்களுக்கு மட்டும் ஏன் முதுமை இல்லை?

கேள்வி (சிற்பநேயன்):
உரோமைக் குடியரசுக் காலத்து ஆண்களின் சிலைகளில் வழுக்கையும் முகச்சுருக்கங்களும் ஒளிவுமறைவின்றிச் செதுக்கப்பட்டுள்ளன. பேரரசர் அகஸ்டஸின் மனைவி லிவியாவோ எழுபது வயதுக்குப் பின்னும் இளம்பெண்ணின் முகத்துடனேயே காட்டப்படுகிறார். இது வெறும் முகத்துதிதானா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் (தொல்லியல் மாணவி):
வணக்கம் ஐயா. ஆணின் சுருக்கங்கள் அவன் வகித்த பதவிகளுக்கும் கண்ட போர்களுக்கும் சான்றாயின. அரசுப் பதவிகள் மறுக்கப்பட்ட பெண்ணிடம் போற்றப்பட்டவை கற்பும் மகப்பேறுமே என்பதால், முதுமை அவளுக்குப் பெருமை சேர்ப்பதாகக் கருதப்படவில்லை. லிவியாவின் தொடக்ககாலச் சிலைகளில் முன்மயிர் நெற்றிக்கு மேல் சுருட்டி முடியப்பட்டிருக்கும். கி.பி. 14இல் அகஸ்டஸ் இறந்தபின் செய்யப்பட்டவற்றிலோ, பெண் தெய்வங்களுக்கு உரியதுபோல நடுவகிடு எடுத்த அலைக்கூந்தலைக் காண்கிறோம். முகம் சொல்லாததைக் கூந்தல் சொல்லிவிடுகிறது.

பதில் (கல்வெட்டு ஆர்வலன்):
பதவிகள் மறுக்கப்பட்டன என்பதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும்: பூசாரிப் பதவி பெண்களுக்கு இருந்தது. பொம்பேயி நகரின் பொதுப் பூசாரியான யூமாக்கியா, நகரின் நடுமன்றத்தில் தம் சொந்தச் செலவில் பெரும் கட்டடம் ஒன்றை எழுப்பியவர். அங்கே துணி வெளுப்போர் அவருக்கு நிறுவிய சிலை இன்று நாப்பொலி (நேப்பிள்ஸ்) அருங்காட்சியகத்தில் உள்ளது. தலையில் முக்காடு, சாந்தமான பொதுமுகம். கல்வெட்டு மட்டும் இல்லையென்றால் அது யாருடைய சிலை என்றே நமக்குத் தெரிந்திருக்காது. இத்தகைய பெண்ணுக்கும் தனிமுகம் கிடைக்கவில்லை என்பது என்னை உறுத்துகிறது.

பதில் (மரபுவழி):
முதுமை அறவே மறைக்கப்பட்டது என்று சொல்வதற்கில்லை. கோபன்ஹேகன் நகரின் கிளிப்டோடெக் அருங்காட்சியகத்தில் உள்ள, ஃபிளேவியர் அரசமரபுக் காலச் (கி.பி. 69–96) சிலை ஒன்றில், வீனஸ் தேவியின் ஆடையற்ற இளமேனியின்மேல் நடுவயதைத் தாண்டிய பெண்ணின் தலை அமைந்திருக்கிறது. நமக்கு முரணாகத் தோன்றினும், அந்த மேனியை அவள் உடலாக எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். தெய்வத்தின் பண்புகளை அவளுக்கு ஏற்றிச் சொல்லும் ஓர் அணியாகவே அது விளங்கியிருக்கும். பிற்காலப் பேரரசர் செப்டிமியஸ் செவரஸின் மனைவி ஜூலியா டோம்னாவின் சிலைகளையும் அருகில் சென்று பாருங்கள். அடர்ந்த பொய்ம்முடியின் ஓரத்தில், கன்னத்தை ஒட்டி, அவருடைய சொந்த மயிரிழைகள் சில வெளியே தெரியுமாறு சிற்பி செதுக்கியிருப்பார். ஒப்பனையை ஒப்பனை என்றே காட்டத் தயங்காத இந்தக் கலையை முகத்துதி என்ற ஒரு சொல்லுக்குள் அடக்குவது நியாயமாகாது என்பதே என் கருத்து.