பிடித்த படங்களை எப்படி வரிசைப்படுத்துவது?

கேள்வி: பிடித்த நூறு படங்களுக்குப் பட்டியல் போடுகிறேன். முதல் பத்து கடகடவென்று வந்துவிட்டது. நாற்பதாவதா, நாற்பத்தொன்றாவதா என்று வரும்போதுதான் மண்டை காய்கிறது. சமீபத்தில் பார்த்ததெல்லாம் மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

பதில்: மார்க் போடாதீங்க, இரண்டிரண்டு படமாக மோதவிடுங்க. இன்று ராத்திரி ஒன்றுதான் பார்க்கலாம் என்றால் எது? புதுப் படத்தை முதலில் பட்டியலின் நடுவில் இருப்பதோடு ஒப்பிடுங்க. ஜெயித்தால் மேல் பாதி, தோற்றால் கீழ்ப் பாதி, அதிலும் நடு. நூறு படப் பட்டியலில் ஒரு புதுப் படத்தின் இடத்தைக் கண்டுபிடிக்க ஏழு கேள்வி போதும்.

பதில்: 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் சினிமா இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் வாக்கெடுப்பில் விமர்சகருக்கு ஆளுக்குப் பத்துப் படம், எல்லாவற்றுக்கும் சம ஓட்டு. நாற்பதுக்குக் கீழே வரிசை எதற்கு?

கேள்வி கேட்டவர்: ஏழு கேள்வி பிரமாதம், ஆரம்பித்துவிட்டேன். புதுசாகப் பார்ப்பதை ஆறு மாதம் கழித்தே சேர்க்கப்போகிறேன்.